‘மலை ஏறுனீங்களா சார்?’

வண்டி நல்ல வண்டி. முதலிலேயே அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் திட்டுவதற்காகவே உட்கார்ந்து எழுதினான் என்று ஆகிவிடும். 125 சிசி பெட்ரோல் ஸ்கூட்டர், 2023 ஆயுத பூஜைக்கு எடுத்தது. டவுனுக்குள் லிட்டருக்கு 46, 47 கொடுக்கிறது, சீட்டுக்கு அடியில் ஒரு ஹெல்மெட்டும் ரெண்டு கிலோ ஜவ்வரிசியும் தாராளமாகப் போகும், சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து கொண்டலாம்பட்டிக்கு தினமும் போய்வருகிற எனக்கு இதுவரை முதுகு வலித்ததில்லை. கம்பெனி பெயரைப் போடவில்லை. விவகாரம் இன்னும் முழுசாக முடியவில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று, பெயரைப் போட்டால் வேறு கம்பெனி வண்டி வைத்திருப்பவர்கள் ‘நமக்கு இல்லை’ என்று தாண்டிப் போய்விடுவீர்கள். நான் மார்க் போட வந்தது வண்டிக்கு இல்லை, பிரேக்கில் குறை என்று சொன்னால் அதைச் செய்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதற்கு.

2024 ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நானும் வீட்டுக்காரியும் ஏற்காடு போய், ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி தின்று, கொஞ்சம் காப்பித்தூளும் மிளகும் வாங்கிக்கொண்டு நாலு மணிக்கு இறங்கினோம். அடிவாரத்திலிருந்து ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவு, இறங்கும்போது அதே நம்பர் தலைகீழாக வரும். பதினொன்றைத் திரும்பப் போகிற நேரத்தில் இடது லீவரை அழுத்தினேன், அது பாட்டுக்குப் போய்க் கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது. சத்தம்கூட பெரிதாக இல்லை, ‘டிக்’ என்று ஒன்று, தையல் மெஷினில் நூல் அறுகிற மாதிரி.

இந்த ஸ்கூட்டரில் இடது லீவர்தான் முக்கியமானது. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசி வரைக்கும் உள்ள வண்டிகளுக்கு கம்பைண்டு பிரேக் கட்டாயம் என்று ஆக்கினார்கள் (அதற்கு மேலே போனால் ஏபிஎஸ்), அதாவது இடது லீவரைப் பிடித்தால் பின்சக்கரமும் பிடிக்கும், முன்சக்கரமும் கொஞ்சம் பிடிக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் என் வண்டியில் அந்த ரெண்டு வேலையும் லீவரிலிருந்து கிளம்புகிற ஒரே ஒரு கேபிளை நம்பி இருக்கிறது, அது நுனியிலேயே அறுந்தால் பின் பிரேக் சுத்தமாகப் போச்சு. மிச்சம் இருப்பது வலது கை பிடிக்கும் முன் பிரேக் மட்டும், அதுவும் டிரம். கியர் வண்டி என்றால் செகண்டில் போட்டு இன்ஜின் பிடிமானத்திலேயே இறக்கிவிடலாம். ஸ்கூட்டரில் வேகம் குறைந்தால் கிளட்ச் தானாக விட்டுவிடும், அப்புறம் பிரேக்தான் சாமி.

எதிரே பஸ் ஏறிக்கொண்டிருந்தது. வலது பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, மலைப்பக்க ஓடையை ஒட்டி உரசாத குறையாக நிறுத்தினேன். பிரேக் லைனர் கருகுகிற வாசம் அப்படியே மூக்கில் ஏறியது. வீட்டுக்காரி இறங்கி, ஒரு வார்த்தை பேசாமல் தடுப்புச் சுவரில் போய் உட்கார்ந்தாள். பஜ்ஜிப் பொட்டலத்தில் மிச்சமிருந்ததைக் குரங்கு வந்து பிடுங்கிக்கொண்டு போனது, அதற்கும் பேசவில்லை. பத்து நிமிடம் கழித்து இறங்கிவந்த பஸ்ஸைக் கையைக் காட்டி நிறுத்தி, “நீங்க மெதுவா ஓட்டிட்டு வாங்க, நான் இதுல போறேன்” என்று ஏறிப் போய்விட்டாள். நான் ஒற்றை முன் பிரேக்கோடு, ஒவ்வொரு வளைவிலும் நின்று டிரம்மை ஆறவிட்டு, ஆள் நடக்கிற வேகத்தில் அடிவாரம் வந்து சேர்ந்தேன். செய்தது தப்பு, டெம்போவில் ஏற்றியிருக்க வேண்டும். யாரும் அப்படி இறங்காதீர்கள்.

திங்கட்கிழமை காலை சர்வீஸ் சென்டர். ஏசி ரூம், காபி மெஷின், கண்ணாடி வழியாக நம் வண்டியைப் பார்க்கலாம், குறையே இல்லை. அட்வைசர் தம்பி அறுந்த கேபிளைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: “மலை ஏறுனீங்களா சார்?”

ஏதோ நான் வண்டியைக் கிணற்றுக்குள் விட்டமாதிரி. சேலத்தில் கடை போட்டு, ஷோரூம் சுவரில் மலைப்பாதையில் வண்டி வளைகிற படத்தை ஆளுயரத்துக்கு ஒட்டிவைத்துக்கொண்டு, ஏற்காடு போனீர்களா என்று கேட்பது, குடை விற்றவன் மழையில் எதற்குப் போனீர்கள் என்று கேட்கிற கதை. அப்புறம் சொன்னார், “கேபிள் தேயுற பொருள் சார், வாரண்டியில வராது. இந்த மாதிரி கம்ப்ளைண்ட் இதுவரைக்கும் வந்ததே இல்ல.” ஓடியிருந்தது 6,300 கிலோமீட்டர். கேபிள், கூலி, கிரீஸ், நான் கேட்காத வாட்டர் வாஷ் எல்லாம் சேர்த்து 612 ரூபாய். கொடுத்தேன்.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது, இந்த ரிவ்யூவே அதற்காகத்தான். ஜாப் கார்டை வாங்கிப் பார்த்தால் ‘கேபிள் மாற்றம் – கட்டணம்’ என்று மட்டும் இருந்தது. ஓட்டும்போது அறுந்தது என்று எழுதுங்கள் என்றேன். தம்பி கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார், பாவம், அவர் பொய் சொல்லவில்லை. பிரேக் என்று தட்டினால் ஒரு பட்டியல் விழுகிறது: பிரேக் சத்தம், பிரேக் இறுக்கம், பிரேக் பிடிக்கவில்லை, பிரேக் அட்ஜஸ்ட், கேபிள் மாற்றம், லைனர் மாற்றம். ‘அறுந்தது’ என்று ஒன்று அதில் இல்லை. “அந்த ஆப்ஷன் இல்ல சார்.” யோசித்துப் பாருங்கள். மலையில் அறுந்த என் கேபிளும், பழசாகிவிட்டது என்று யாரோ ஒருவர் சும்மா மாற்றிக்கொண்ட கேபிளும் கம்பெனித் தலைமை ஆபீஸில் ஒரே வரிசையில் ஒரே பெயரில் போய் உட்காரும். அங்கே இருக்கிற இன்ஜினியர் மாசக் கடைசியில் கணக்கைத் திறந்து பார்த்தால் ‘பிரேக் செயலிழப்பு: பூஜ்யம்’. இந்த மாதிரி கம்ப்ளைண்ட் வந்ததே இல்லை என்று அவர்கள் சொல்வது ஒரு வகையில் உண்மைதான், வருவதற்கு வழி வைத்தால்தானே வரும்.

அன்று சாயங்காலமே ஃபீட்பேக் கால் வந்தது. “சார், கம்பெனியில இருந்து கேட்டா பத்துக்குப் பத்து குடுங்க சார், ஒன்பது குடுத்தாலும் எங்களுக்குப் பிரச்சனை.” நான் நாலு கொடுத்தேன். மறுநாள் அட்வைசர் தம்பி போன் போட்டு வருத்தப்பட்டார். பிரேக் அறுந்ததற்கு வராத போன் நாலு மார்க்குக்கு வந்தது.

டிசம்பரில் லீவர் மறுபடி லொடலொடவென்று ஆடத் தொடங்கியது. இந்தத் தடவை சர்வீஸ் சென்டர் போகவில்லை, சேலம் குகைப் பகுதியில் எங்கள் அப்பா காலத்திலிருந்து போகிற மெக்கானிக் அண்ணனிடம் போனேன். தறிக்காரக் குடும்பம், இவர் மட்டும் ஸ்பேனரைப் பிடித்தவர். கேபிளின் மேல்நுனியைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். முறுக்கு இழைகளில் அஞ்சாறு ஏற்கனவே அறுந்து, துடைப்பக்குச்சி மாதிரி வெளியே விரிந்திருந்தன. அவர் கேபிளைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு லீவரைக் கையில் எடுத்தார், நிப்பிள் (கேபிள் நுனியில் இருக்கும் உலோகக் குமிழ்) உட்காருகிற குழிக்குள் வேஸ்ட் துணியை விட்டு ஒரு இழு இழுத்தார். துணி மாட்டிக்கொண்டது. நகத்தால் தடவச் சொன்னார், தடவினேன், குழியின் ஒரு ஓரத்தில் வார்ப்பில் விட்ட பிசிறு, பிளேடு மாதிரி இல்லை, அரம் மாதிரி. “நிப்பிள் சுத்தணும்ணா. லீவரை அமுக்க அமுக்க அது குழிக்குள்ள திரும்பிக் குடுக்கணும். இங்க மாட்டிக்குது, அதனால ஒயரு ஒவ்வொரு வாட்டியும் அதே எடத்துல மடங்குது. தறியில ஒரு எடம் பிசிறா இருந்தா அதே எடத்துலதான் இழை அறும், நீங்க எத்தனை நூல் மாத்துனாலும்.”

அவ்வளவுதான் விஷயம். ஏசி ரூமில் ஆறு மாசமாக மலையைக் குற்றம் சொன்னார்கள், இவர் அஞ்சு நிமிடத்தில் ஒரு துண்டு வேஸ்ட் துணியில் கண்டுபிடித்துவிட்டார். அரத்தால் ராவி விடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லி, கேபிளை மட்டும் புதுசு போட்டுக்கொண்டு, லீவரை நாலு கோணத்தில் போட்டோ எடுத்தேன். எனக்கு அது சாட்சி.

அப்புறம் கஸ்டமர் கேர். இதை அதிகம் எழுதப் பொறுமையில்லை. தமிழுக்கு நாலை அழுத்தவும், பாட்டு, டிக்கெட் நம்பர், 48 மணி நேரம், அதற்குள் ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று எஸ்எம்எஸ். மறுபடி கூப்பிட்டால் புது டிக்கெட். நாலு தடவை தீர்த்தார்கள், ஒருத்தர்கூட வண்டியைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அந்தப் புகார் சுற்றிச் சுற்றி அதே சர்வீஸ் சென்டருக்கே வருகிறது, யார்மேல் புகாரோ அவரே அதற்கு ‘முடிந்தது’ என்று டிக் போடுகிறார். 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓலா எலக்ட்ரிக்குக்கு நோட்டீஸ் அனுப்பியது நினைவிருக்கும், 10,644 புகார்கள் பற்றி. அதில் 99.1 சதவீதத்தைத் தீர்த்துவிட்டோம் என்று அந்தக் கம்பெனி பதில் சொன்னது. அங்கே எப்படித் தீர்த்தார்கள் என்று நான் பார்க்கவில்லை, என் வண்டி அவர்களுடையதும் இல்லை. ஆனால் ‘தீர்த்துவிட்டோம்’ என்று எந்தக் கம்பெனி சொன்னாலும் எனக்கு இப்போது என் நாலு எஸ்எம்எஸ்தான் ஞாபகம் வருகிறது.

எல்லாக் கம்பெனியும் எப்போதும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். 2019 ஜூலையில் ஹோண்டா, முன் பிரேக் மாஸ்டர் சிலிண்டரில் குறை இருக்கலாம் என்று தானாகவே சொல்லி, ஆக்டிவா 125, கிராசியா, ஏவியேட்டர், சிபி ஷைன் எல்லாம் சேர்த்து 50,034 வண்டிகளைச் சரிபார்க்கக் கூப்பிட்டது. டிவிஎஸ் 2024-ல் ஐக்யூப் மின்சார ஸ்கூட்டரில் பிரிட்ஜ் டியூப் என்கிற பாகத்தைச் சரிபார்க்க, 2023 ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை செய்த வண்டிகளைத் திருப்பி அழைத்தது. இதில் மானம் போகிற விஷயம் ஒன்றும் இல்லை, அறிவித்ததும் யாரும் அந்த வண்டிகளை வாங்காமல் விட்டுவிடவும் இல்லை. ஆனாலும் ‘ரீகால்’ என்ற சொல்லைக் கண்டால் சில கம்பெனிகளுக்கு ஏன் இப்படி உடம்பு கூசுகிறதோ. 2023 மார்ச்சில் ஓலா முன் ஃபோர்க்கை இலவசமாக மாற்றித் தருகிறோம் என்றபோது, பழைய ஃபோர்க் பாதுகாப்பானதுதான் என்றும் சொல்லி, இதற்கு ‘அப்கிரேடு’ என்று பெயர் வைத்தது.

சட்டம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 110ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். ஓட்டுபவருக்கோ ரோட்டில் போகிற மற்றவருக்கோ ஆபத்தான குறை என்று புகார்கள் போதுமான அளவு சேர்ந்தால், வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்லி மத்திய அரசே உத்தரவு போடலாம். போட்டால் கம்பெனி பணத்தைத் திருப்பித் தர வேண்டும், இல்லை வேறு வண்டி தர வேண்டும், இல்லை சரிசெய்து தர வேண்டும். 2021 ஏப்ரலிலிருந்து விதிகளும் அமலில் இருக்கின்றன, ஏழு வயசுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு, அபராதம் 10 லட்சத்திலிருந்து 1 கோடி வரை. கம்பெனியே முன்வந்து குறையைச் சொல்லி வண்டிகளை அழைத்தால் அபராதம் கிடையாது, அதையும் சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். புகாரைப் பதிய மத்திய அரசின் வாகன் இணையதளத்தில் தனிப் பகுதியே இருக்கிறது, நான் பதிந்துவிட்டேன். எண்ணிக்கை சேர வேண்டும் என்கிறபோது, சர்வீஸ் சென்டரில் 612 ரூபாய் கட்டிவிட்டு முணுமுணுத்துக்கொண்டே போகிற நூறு பேர் எந்தக் கணக்கிலும் வர மாட்டார்கள் என்பதைத்தான் நான் சொல்ல வருகிறேன்.

கடைசியில் வேலை செய்தது எது தெரியுமா? தபால். 2025 பிப்ரவரியில் கம்பெனியின் பதிவு அலுவலகத்துக்கு ரெண்டு பக்கக் கடிதம், லீவர் போட்டோ, ஜாப் கார்டு நகல், நாலு டிக்கெட் நம்பர், ‘பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன்’ என்று ஒரு வரி, அக்னாலெட்ஜ்மென்ட் கார்டோடு பதிவுத் தபால். (அப்போது பதிவுத் தபால் தனியாக இருந்தது, அந்த வருஷமே பிறகு ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள்.) ஒன்பதாம் நாள் ஏரியா மேனேஜர் போன் பண்ணினார். “சார், வீட்டுக்கே வர்றேன் சார்.”

வந்தார். மரியாதையான மனிதர், செருப்பை வெளியே விட்டு, காபி குடித்து, என் வீட்டுக்காரியிடம் “சாரி மேடம், அன்னைக்கு ரொம்ப பயந்திருப்பீங்க” என்றார். எட்டொன்பது மாசத்தில் அந்தக் கம்பெனியிலிருந்து அந்த வார்த்தையைச் சொன்ன முதல் ஆள். லீவரைக் காட்டினேன், குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தார், முகத்தில் ஒரு ஆச்சரியமும் இல்லை. பையைத் திறந்து, பிளாஸ்டிக் கவரில் ஒரு புது லீவரை எடுத்து வைத்தார். அதாவது வண்டியைப் பார்ப்பதற்கு முன்னாலேயே என்ன குறை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, மருந்தையும் கையோடு கொண்டு வந்திருக்கிறார். ரெண்டு லீவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பார்ட் நம்பர் ஒன்றுதான், கடைசி எழுத்து மட்டும் ஏ-க்குப் பதில் பி. குழியின் ஓரம் வழவழவென்று உருட்டியிருக்கிறது. “இது எப்ப மாத்துனீங்க சார்?” என்றேன். “ப்ரொடக்‌ஷன்ல அப்பப்ப இம்ப்ரூவ்மென்ட் பண்ணிட்டே இருப்பாங்க சார்” என்றார். அப்படியென்றால் ஏ போட்ட வண்டிகள் எல்லாம்? காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

மாற்றித் தந்ததற்குக் காசு வாங்கவில்லை, பழைய கேபிளுக்குக் கட்டியதையும் திருப்பித் தந்தார்கள். அதற்கு வைத்த பெயர் ‘குட்வில்’. எனக்கு ஒரு சலுகையாம். பழைய லீவரைக் கேட்டார், தர முடியாது என்றேன். ‘வாடிக்கையாளர் திருப்தி’ என்ற தாளில் கையெழுத்துக் கேட்டார், ‘லீவர் வார்ப்பில் பிசிறு இருந்ததால் மாற்றப்பட்டது’ என்று என் கையால் எழுதிவிட்டுப் போட்டேன். கொஞ்சம் தயங்கினார், அப்புறம் சரி என்று வாங்கிக்கொண்டார். நகல் என்னிடம் இருக்கிறது.

மனு போடவில்லை இன்னும். போடலாம், இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. வாங்கிய விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் சேலத்திலேயே போடலாம், வக்கீல் வைக்க வேண்டும் என்றும் இல்லை. முதல் படியாக தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணினாலே பதிந்துகொள்கிறார்கள். ஆனால் என்ன வழியில் போனாலும் கையில் தாள் வேண்டும். ஜாப் கார்டில் பட்டியலில் இல்லாவிட்டால் கீழே ரிமார்க்ஸ் என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் எழுத வையுங்கள், முடியாது என்றால் பேனாவை வாங்கி நீங்களே எழுதி அவர்கள் சீல் வைத்த பிறகு போட்டோ ஒன்று எடுங்கள். காசு கொடுத்து மாற்றிய பாகம் என்றால் பழையதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள், குப்பை என்று அங்கே விட்டுவிட்டு வராதீர்கள்.

மார்க்: வண்டிக்கு ஐந்துக்கு நாலு. ஏரியா மேனேஜரின் நடத்தைக்கு நாலு. கஸ்டமர் கேருக்கு ஒன்று, அந்த ஒன்றும் தமிழில் பேசியதற்கு. குறையைத் தெரிந்துகொண்டு, அதைச் சத்தமில்லாமல் புது வண்டியில் மட்டும் திருத்தி, பழைய வண்டிக்காரனுக்கு ஒரு எஸ்எம்எஸ்கூட அனுப்பாமல் இருந்ததற்கு என்ன போடுவது? தினமும் ‘எக்ஸ்சேஞ்ச் ஆஃபர்’ என்று அனுப்புவதற்கு மட்டும் என் நம்பர் இருக்கிறது.

எங்கள் தெருவில் இன்னொருவர் இதே வண்டி வைத்திருக்கிறார், என்னைவிட ஒரு மாசம் முன்னால் எடுத்தது. போன வாரம் அவர் வாசலில் நின்றிருந்த வண்டியின் இடது லீவருக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்த்தேன். ஏ. “உங்களுக்கு வேற வேலை இல்லையா சார்” என்று சிரித்தார். பழைய லீவரைக் கொண்டுபோய் அவர் விரலை அந்தக் குழிக்குள் விடவைத்தேன், சிரிப்பு நின்றது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஏற்காடு போக இருந்தாராம். நேற்று சர்வீஸ் சென்டருக்குப் போய்வந்தவர் நேராக என் வீட்டுக்கு வந்தார்.

“என்ன சொன்னாங்க?”

“இந்த மாதிரி கம்ப்ளைண்ட் இதுவரைக்கும் வந்ததே இல்லையாம் சார்.”